உதிர்ந்த பூவும் பூசைக்கு ஆகும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறியவர்களுக்கு, மொழியினும் முந்தித் தன் புதுமையைக் காட்டுவது பருவம். மொழியைக் கற்றுவிடலாம், இரண்டு ஆண்டுகளில் கடைத்தெருவில் விலை பேசும் அளவுக்கு நாப் பழகிவிடும். உடலும் உள்ளமும் பருவத்துக்குப் பழகுவதற்கோ நெடுங்காலம் வேண்டும். மழை பெய்ய வேண்டிய மாதத்தில் வானம் வெளுத்திருந்தால் நமக்கு ஏதோ முறை தவறியது போலத் தோன்றுகிறது. முறை தவறவில்லை, நாம் இடம் மாறியிருக்கிறோம்.

பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. வங்க மக்களும் ஆண்டை ஆறாகவே பகுப்பர். கிரீஷ்மம், வர்ஷை, சரத், ஹேமந்தம், சீதம், வசந்தம் என்பன அவர்தம் பருவங்கள். எண்ணிக்கை ஒன்றே. மாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வியப்பு விளங்கும். ஆவணியும் புரட்டாசியும் நமக்குக் கார்காலம். கருமுகில் கூடும் காலம் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. அதே இரு மாதங்கள் இங்கே பாத்ரம், ஆஸ்வினம் என்னும் பெயரோடு சரத் காலமாகின்றன. சரத் என்றால் வங்காளிக்குக் கழுவிவிட்ட நீலவானம், பஞ்சுப்பொதி போன்ற வெண்முகில், ஆற்றங்கரையெங்கும் தலையாட்டும் வெண்ணிற நாணற்பூ. ஒரே திங்கள், ஒரே ஞாயிறு. நம் சொல்லில் கருமை, அவர் சொல்லில் வெண்மை!

காரணம் எளிது. வங்கத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாத நடுவிலேயே மழையைக் கொண்டுவந்து, அக்டோபர் தொடக்கத்தில் விடைபெற்றுக்கொள்கிறது. அது விடைபெறும் வேளையில்தான் நம் சோழ மண்டலக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை புறப்படுகிறது. இங்கு முடிவது அங்குத் தொடங்குகிறது. நாங்கள் இருவரும் 1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஹௌரா வந்து இறங்கியபோது இதை அறிந்திலேம். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் ஊரிலிருந்து வந்த எங்களை, பாலிகஞ்சின் தெருக்கள் முழங்கால் அளவு நீரோடு வரவேற்றன.

'நாங்கள்' என எழுதுவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியமும் எங்கள் இருவர் பேச்சிலும் புகுந்து வெளிவந்தது. எங்களுள் ஒருவர் அலுவலகக் கணக்குகளோடும், மற்றவர் பள்ளிப் பிள்ளைகளோடும் காலம் கழித்தோம். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பாலிகஞ்ச் வீட்டை விட்டு வருகிற தை மாதம் புறப்படுகிறோம். வீட்டுக்காரர் பழைய கட்டடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்ப ஒப்பந்தம் செய்திருக்கிறார். பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். தங்களோடு வந்து இருக்கும்படி அழைக்கிறார்கள். புறப்படும் முன் நம் சங்க இதழில் சில சொற்கள் எழுதுமாறு ஆசிரியர் பணித்தார். பிரிவுரையாக எழுத மனம் ஒப்பவில்லை. நன்றியுரையாக எழுத முயல்கிறோம்.

பாலிகஞ்சின் தெருக்களோடு நம்மவர்க்கு உள்ள உறவு பழையது. 1912இல் தோன்றிய கல்கத்தா வளர்ச்சிப் பொறுப்புக் கழகம், நகரின் தென்பகுதியில் அகன்ற சாலைகளை வகுத்தது. தாழ்நிலங்களைத் தோண்டி 1920களில் ஏரி ஒன்றை அமைத்தது. டாக்குரியா ஏரி எனப்பட்ட அதற்கு 1958இல் ரவீந்திர சரோவரம் எனப் பெயர் சூட்டினர். தோண்டிய குழி ஏரியாயிற்று; ஏரியைச் சுற்றி மரங்கள் எழுந்தன; மரநிழலைத் தேடி மக்கள் வந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, வணிக நிறுவனங்களில் வேலை தேடி வந்த தமிழ் இளைஞர் பலர். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கறிவேப்பிலையும் வரத் தொடங்கியது அவர்களால்தான். நாம் நாள்தோறும் நடக்கும் ராஷ்பிகாரி அவென்யூவுக்குப் பெயர் தந்த ராஷ்பிகாரி கோஷ், 1908இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளல் நலம். நம் ஊருக்கு அவர் ஒருமுறை வந்து சென்றார். அவர் பெயர் கொண்ட தெருவில் நாம் பல தலைமுறை குடியிருந்தோம்.

குடியிருப்பு என்றுமே நிலையாக இருந்ததில்லை. 1941இன் இறுதியில் ஜப்பான் போரில் இறங்கியதும் நகரை விட்டுப் பல குடும்பங்கள் ஊர் திரும்பின. சென்னைக்குச் சென்றவர்கள் அங்கும் நிம்மதி காணவில்லை. 1942 ஏப்ரலில் சென்னையே காலியாகத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் குண்டுகள் விழுந்தன. எங்கே ஓடுவது என்று அறியாத காலம் அது. ஆயினும் சென்றவருள் பலர் மீண்டும் வந்தனர். பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். சபைகளையும் சங்கங்களையும் நடத்தினர். பின்னர் நிறுவனங்கள் பல பம்பாய்க்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தபோது நம்மவரும் பெயர்ந்தனர். இப்போது சால்ட் லேக்கிலும் நியூ டவுனிலும் கணிப்பொறித் தொழில் பார்க்கும் இளங்குடும்பங்கள் புதிதாக வந்திருக்கின்றன. வருவதும் போவதுமாகிய இவ்வோட்டத்தில் எங்கள் புறப்பாடு ஒரு சிறு துளி.

இனி, நன்றிக்கு வருவோம். வள்ளுவப் பெருந்தகை நன்றிக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். செய்ந்நன்றியறிதல் நூலின் 11ஆம் அதிகாரம். இல்வாழ்வான் பேண வேண்டியோரை எண்ணும்போது தென்புலத்தாரை முதலில் வைத்தார். மறைந்தோர்க்கு நன்றி சொல்லும் கடமையைத் தமிழகம் மட்டும் போற்றவில்லை. மகாளய அமாவாசையன்று கங்கைக் கரைக்குச் சென்று பாருங்கள். விடியுமுன்னரே பல்லாயிரம் வங்காளியர் இடுப்பளவு நீரில் நின்று, எள்ளும் நீரும் இறைத்துத் தம் முன்னோரை நினைப்பர். அன்று அதிகாலை 4 மணிக்கு வீடுதோறும் வானொலி ஒலிக்கும். வீரேந்திர கிருஷ்ண பத்ரர் குரலில் தேவியின் வரலாறு எழும். 1930களின் தொடக்கத்தில் தோன்றிய நிகழ்ச்சி அது. 1976இல் அதை மாற்றி, புகழ்பெற்ற நடிகர் உத்தம்குமாரைக் கொண்டு வேறொன்றை ஒலிபரப்பினார்கள். மக்கள் சினந்து எழுந்தார்கள். பழைய குரலே மீண்டது. எத்தனையோ மாறுதல்களைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள், விடியற்காலத்தில் கேட்கும் ஒரு குரலை மட்டும் மாற்ற உடன்படவில்லை. காலம் முழுவதும் புரண்டு ஓடும்போது பற்றிக்கொள்ள ஒரு படித்துறை வேண்டுமல்லவா?

எங்கள் வீட்டில் அப்படித்துறையாக இருந்தவர் எங்கள் அம்மா. எங்களுள் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். இருவரும் அம்மா என்றே அழைத்தோம். தந்தையார் மறைந்த பின், 1995இல் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து இங்கு வந்தார். வந்த புதிதில் அவர் நாள் முழுவதும் பேசாதிருந்ததும் உண்டு. தெரிந்த முகம் இல்லை. தெரிந்த மொழி இல்லை. கோயில் மணி இல்லை. புரட்டாசி பிறந்த ஒரு விடியலில் வாசலுக்குச் சென்றவர், "பவழமல்லி! பவழமல்லி!" என்று கூவினார். சுற்றுச் சுவரோரம் நின்ற மரத்தடியில், வெள்ளிதழும் பவழக் காம்புமாகப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. அதே மலரைப் பொறுக்க மாடி வீட்டு மாஷிமா கூடையோடு இறங்கி வந்தார். "ஷியூலி" என்றார் அவர். "பவழமல்லி" என்றார் இவர். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தனர். அன்று தொடங்கிய நட்பு 25 ஆண்டுகள் நீடித்தது. அம்மாவுக்கு வங்காளம் வரவில்லை. மாஷிமாவுக்குத் தமிழ் வரவில்லை. மாஷிமா "திதி" என்று அழைப்பார். அம்மா "வாங்கோ" என்பார். அதன்பின் இருவருக்கும் மொழி தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

நிலத்தில் விழுந்த பூவை இறைவனுக்குச் சூட்டுவதில்லை என்பது பொதுவான வழக்கு. பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் அம்மலரைத் தரையிலிருந்து பொறுக்கியே பூசைக்கு எடுப்பர். நம் நாட்டிலும் அப்படியே, வங்கத்திலும் அப்படியே. அம்மா அடிக்கடி இதைச் சொல்வார். சொன்னதன் பொருள் எங்களுக்கு விளங்க ஒரு கடுமையான ஆண்டு வர வேண்டியிருந்தது.

2020ஆம் ஆண்டை நம்முள் எவர் மறப்பார்? மே மாதம் 20ஆம் நாள் மாலை ஆம்பன் புயல் நகரைத் தாக்கியது. இரவு முழுவதும் மரங்கள் முறிந்து விழும் ஓசை கேட்டுக்கொண்டேயிருந்தது. விடிந்து பார்த்தால் தெருவைக் காணோம். கிளையும் இலையும் மின்கம்பியுமே கிடந்தன. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. ஏரிக்கரையின் பெருமரங்களும் தப்பவில்லை. எங்கள் வாசலில் நின்ற கிருஷ்ணசூடா மரம் சாய்ந்து, அதன் அடியில் பவழமல்லி அடிமரத்தோடு முறிந்தது. மின்சாரமும் நீரும் இன்றி நாட்கள் கழிந்தன. தொற்றுநோயின் அச்சம் ஒருபுறம், இருள் மறுபுறம். அம்மா சாளரத்தருகே அமர்ந்து முறிந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆவணியில் அம்மா மறைந்தார். நோய்த்தொற்று அன்று, முதுமையும் நெஞ்சு நோவும் சேர்ந்து அழைத்துச் சென்றன. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானப் போக்குவரத்தும் தடைப்பட்டிருந்த காலம் அது. வழக்கமான ரயில்கள் ஓடவில்லை. உடன்பிறந்தோர் தொலைபேசித் திரையில் முகம் பார்த்து அழுதனர். பிள்ளைகள் வர வழியில்லை. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழைய அஞ்சிய அந்நாளில், எங்கள் தெருவின் வங்க இளைஞர் நால்வர் தாமாக வந்தனர். பாடைக்குத் தோள் கொடுத்தனர். கியோராதலா மயானத்தில் இறுதிவரை உடன் நின்றனர். "மாஷிமா எங்களுக்கும் பாட்டி தானே" என்றனர். அவர்களுக்கு எவ்வகையிற் கைம்மாறு செய்வது? இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

அதன் பின்னர் வந்த மாதங்களே இக்கட்டுரையின் மையம். மகாளய அமாவாசை அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வந்தது. எங்கள் குடும்ப வழக்கப்படி, ஆண்டு நிறைவதற்கு முன் அமாவாசைக் கடன் இறைத்தல் இல்லை. மற்றவரெல்லாம் தம் முன்னோர்க்கு நன்றி சொல்லும் நாளில் எங்கள் கைகள் வெறுமையாய் இருந்தன. அவ்வாண்டு நவராத்திரி உடனே வரவுமில்லை. ஆஸ்வினம் மலமாதமானதால், மகாளயத்தை அடுத்து ஏழாம் நாள் வரவேண்டிய துர்க்கா பூசை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி, அக்டோபர் 22ஆம் நாளில்தான் தொடங்கியது. தேவி புறப்பட்டுவிட்டாள், வந்து சேரவில்லை என்பது போல ஒரு மாதம் கழிந்தது. வானம் நீலமாய் இருந்தது, வெண்முகில் உலவியது, வாசலில் பூ இல்லை, வீட்டில் குரல் இல்லை.

துக்க ஆண்டாதலால் கொலு வைக்கும் வழக்கும் இல்லை. அம்மா கொண்டு வந்த பொம்மைகள் பழைய வேட்டித் துணிகளில் சுற்றப்பட்டுப் பெட்டியில் உறங்கின. அவற்றுள் செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இணை ஒன்று, அவர் தம் தாயிடமிருந்து பெற்றது. உண்மையைச் சொல்வதானால், அம்மாதம் எங்கள் இருவருக்கும் வழிபாட்டில் மனம் செல்லவில்லை. விளக்கை ஏற்றுவோம், ஏற்றியபின் சொல்வதற்குச் சொல் வராது. நம்பிக்கை என்பது செல்வம் போலன்று. செல்வம் போனால் போனது தெரியும். நம்பிக்கை போவது தெரிவதில்லை. ஒருநாள் கையை நீட்டும்போது அவ்விடம் வெறுமையாய் இருக்கும்.

பூசை வந்தது, பந்தல்களுக்குள் மக்கள் நுழையலாகாது என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. தேவி தனித்து வந்து தனித்துச் சென்றாள். விசயதசமி கழிந்த ஐந்தாம் நாள் முழுநிலவு. கோஜாகரி லக்ஷ்மி பூசை அன்று. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதை மிகுந்த அன்போடு கொண்டாடுவர். முதல் நாள் மாலை மாஷிமா கைத்தடியோடு படியிறங்கி வந்தார். எண்பது கடந்தவர்; பல மாதங்களாக மாடியை விட்டு இறங்காதவர். எங்களுள் இல்லத்தரசியை நோக்கி, "பௌமா, திதியின் பொம்மைகளை எனக்குக் கொடு. நாளை என் லக்ஷ்மிக்கு அருகில் வைக்கிறேன்" என்றார். "இது எங்களுக்குத் துக்க ஆண்டு, மாஷிமா" என்று சொன்னோம். அவர் சிறிது சினந்தவர் போல, "துக்கம் உங்களுக்கு. பொம்மைகளுக்கு ஏது துக்கம்? அவை ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சம் பார்க்க வேண்டாமா?" என்றார்.

மறுநாள் இரவு மாடிக்குச் சென்றோம். நடுவில் வாராமல் வாயிலருகே நின்று பார்த்தோம். தரையெங்கும் அரிசி மாவுக் கோலம். அவர்கள் அதை ஆல்பனா என்பர். லக்ஷ்மியின் சிற்றடிகள் வாயிலிலிருந்து உள்ளே செல்வது போல வரைந்திருந்தார். சிறு மண் உருவத்தின் இருபுறமும் எங்கள் மரப்பாச்சி இணை நின்றது. அருகில் பழைய பிரம்புக் கூடை ஒன்று, உள்ளே ஒரு பிடி நெல். அதன் கதையை அன்றுதான் மாஷிமா சொன்னார். 1950இல் பாரிசாலை விட்டுக் குடும்பத்தோடு ஓடிவந்தபோது அவர் சிறுமி. வீடு, குளம், தென்னந்தோப்பு, மாடு எல்லாம் அங்கேயே நின்றன. பாட்டி மட்டும் லக்ஷ்மியின் கூடையை முந்தானையில் மறைத்து எடுத்து வந்தார். சியால்தா நிலையத்தின் நடைமேடையில் பல நாட்கள் கிடந்தபோது, விட்டுவந்ததைக் கணக்கிட்டு எல்லோரும் அழுதார்களாம். பாட்டி கூடையைத் திறந்து, பிடி நெல்லை எண்ணிக்கொண்டிருந்தாராம். "விட்டதை எண்ணினால் இரவு போதாது, வந்ததை எண்ணினால் விடியுமுன் முடிந்துவிடும், பிறகு தூங்கலாம்" என்று பாட்டி சொன்னதை மாஷிமா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவு நாங்கள் இருவரும் வந்ததை எண்ணிப் பார்த்தோம். 25 ஆண்டுகள் அம்மாவோடு வாழ்ந்தது வந்தது. தோள் கொடுத்த நால்வர் வந்தனர். புயலிரவில் பக்கத்து வீட்டார் தந்த ஒரு குடம் நீர் வந்தது. நடக்க இயலாத முதியவர் படியிறங்கி வந்தார். எண்ணி முடிந்தபோது துயரம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். அது அப்படியே இருந்தது. அதன் அருகில் வேறொன்றும் வந்து அமர்ந்திருந்தது. அதற்கு நன்றி என்று பெயரிட்டோம். நெடுநாளுக்குப் பின் விளக்கின்முன் ஒரு சொல் வந்தது.

நண்பர்களே, நம் கொலுவையும் வங்கத்துப் பூசையையும் ஒப்பு நோக்கியிருக்கிறீர்களா? நாம் பொம்மையைக் காத்து வைக்கிறோம். விசயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் துணியில் சுற்றிப் பெட்டியிலிட்டு, அடுத்த ஆண்டு அதே பொம்மையை எடுக்கிறோம். பாட்டியின் பொம்மை பேத்தியின் படிக்கு வருகிறது. வங்காளியோ, குமார்டூலிக் கலைஞர் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய திருவுருவை ஐந்து நாட்களில் ஆற்றிலே விட்டுவிடுகிறான். மண் கரைந்து ஆற்று மண்ணோடு சேர்கிறது. கரைப்பவர்கள், "ஆஸ்சே பொச்சோர் ஆபார் ஹொபே" என்று முழங்குகிறார்கள்; அடுத்த ஆண்டு மீண்டும் நிகழும் என்பது அதன் பொருள். பல குடும்பங்கள் உருவைத் தாங்கிய மரச்சட்டத்தை மட்டும் மீட்டுவந்து, மறுஆண்டு ரத யாத்திரை நாளில் அதற்குப் பூசை செய்து, அதன்மேல் புது மண் அப்புகின்றன. முதலில் இது எங்களுக்கு மனவேதனையாக இருந்தது. இத்துணை அழகை எப்படி நீரில் விட மனம் வருகிறது என்று அம்மாவும் கேட்பார். இப்போது விளங்குகிறது. காத்து வைத்தல் நன்றியின் தொழில். விட்டுவிடுதல் நம்பிக்கையின் தொழில். சட்டத்தை வைத்துக்கொண்டு மண்ணை விடுகிறார்களே, அதில் இரண்டும் இருக்கின்றன. இங்கு வாழ்ந்த தமிழர்க்கு இரண்டையும் ஒருசேரக் கற்கும் பேறு கிடைத்தது.

வேறு ஒற்றுமைகளும் உண்டு. தீபாவளியன்று நாம் விடியலில் எண்ணெய் தேய்த்து நீராடும் அதே சதுர்த்தசியில், வங்க இல்லங்களில் பதினான்கு விளக்கேற்றி முன்னோர் பதினான்கு தலைமுறையை நினைப்பர். பதினான்கு வகைக் கீரை உண்பர். தை முதல் நாளை ஒட்டி நாம் பொங்கலிடும்போது அவர்கள் புதிய அரிசி மாவும் பனிக்காலத்துப் பேரீச்ச வெல்லமும் சேர்த்துப் பிட்டை செய்வர். கதிரவனுக்கும் நிலத்துக்கும் நன்றி சொல்ல இரு மக்களும் ஒரே வேளையைத் தேர்ந்தனர். இவற்றைவிட எங்கள் நெஞ்சைத் தொட்டது ஒரு சிறு சொல். வங்காளி விடைபெறும்போது, போகிறேன் என்று சொல்வதில்லை. "ஆஷ்சி", வருகிறேன், என்பான். நாமும் போய்வருகிறேன் என்றே சொல்லப் பழகியவர்கள்.

முறிந்த பவழமல்லியைப் பற்றிச் சொல்லாது விடலாகாது. அடிக்கட்டையைத் தோண்டி எறியக் காவற்காரர் கருவியோடு வந்தார். பொறுத்திருக்கும்படி மாஷிமா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். அடுத்த மழைக்கு இரண்டு தளிர் எழுந்தன. 2022 புரட்டாசியில் முதற்பூ உதிர்ந்தது. கை விரலளவே பூக்கள். எங்களுள் ஒருவர் குனிந்து பொறுக்க, மற்றவர் கை ஏந்தினோம். அம்மா சொன்னது அப்போது விளங்கிற்று. கிளையில் இருப்பது மட்டுமே காணிக்கைக்கு உரியது என்றால், இழந்தவர்கள் இறைவன் முன் எதைக் கொண்டு செல்வார்கள்? உதிர்ந்ததையும் ஏந்திச் செல்லலாம் என்று ஒரு சிறு மலருக்காகவேனும் முன்னோர் விதி வகுத்தார்களே. அவ்விதி எங்களைப் போன்றோர்க்காக வகுத்ததாகவே தோன்றிற்று. மாஷிமா அதற்கு அடுத்த ஆண்டு பனிக்காலத்தில் மறைந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுள் எங்கள் பிள்ளையும் ஒருவன்.

இப்போது நாங்கள் புறப்படுகிறோம். சர் சி. வி. ராமன் 1907இல் அரசாங்கக் கணக்கு அலுவலராகக் கல்கத்தா வந்தார். ஓய்வு வேளையில் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1928 பிப்ரவரி 28இல் ஒளிச்சிதறல் பற்றிய உண்மையைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். 1933இல் பெங்களூருக்குச் சென்றார். அப்பெருமகனாரோடு எங்களை ஒப்பிடவில்லை. வழி ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி மகிழ்கிறோம். நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்களைக் கண்டுபிடித்தவர்கள் இங்கே பலர்.

அவர்களுக்கு நன்றி. எங்கள் சுமையைத் தூக்கி முழங்கால் நீரில் முதன்முதல் வழிகாட்டிய ரிக்ஷாக்காரருக்கு நன்றி. கரியாஹாட் சந்தையில் எங்கள் உடைந்த வங்காளத்தைத் திருத்திக்கொண்டே கத்தரிக்காய் நிறுத்துத் தந்தவர்களுக்கு நன்றி. பாலிகஞ்சிலிருந்து டாலிகஞ்சுக்கு எங்களைச் சுமந்த டிராம் வண்டிக்கும் நன்றி. 1873இல் இந்நகரில் டிராம் ஓடத் தொடங்கியது. ஒரு பாரம்பரியத் தடம் நீங்கலாக மற்றவற்றை நிறுத்துவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. அதன் மணியோசை எங்கள் பிள்ளைகளின் தாலாட்டாக இருந்தது. வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்த நம் சங்கத்துக்கும், அதன் ஞாயிறு வகுப்புகளுக்கும் நன்றி.

புதிதாக வந்திருக்கும் இளங்குடும்பங்களுக்கு மூத்தோர் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். ஊரை நினைத்து வருந்துவது இயல்பு; அதைத் தடுக்க வேண்டாம். அதனோடு, வந்த நிலத்தின் பருவத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். சித்திரை மாலைகளில் காலபைசாகிப் புயல் தூசியெழுப்பி வரும்போது சாளரத்தைச் சாத்துமுன் ஒரு கணம் நில்லுங்கள். அது கொண்டுவரும் மண்மணம் நம் ஊர்க் கோடைமழையின் மணமே. மாடிவீட்டாரின் பெயரைக் கேட்டறியுங்கள். துன்பம் வரும் நாளில் உறவினர் ஆயிரம் மைல் தொலைவில் இருப்பார்கள். படியிறங்கி வரக்கூடியவர் மாடியில்தான் இருப்பார். அவர்க்கும் ஒருநாள் நீங்கள் படியேறிச் செல்ல வேண்டியிருக்கும்.

கட்டடம் இடியும்போது பவழமல்லி மரமும் போய்விடும். ஆதலால் சென்ற பனிக்காலத்தில் அதன் காய்களைச் சேகரித்தோம். தட்டையான சிறு காய். ஒவ்வொன்றிலும் இரண்டு விதை. காகிதப் பொட்டலங்களில் கட்டி வைத்திருக்கிறோம். பொங்கல் விழாவுக்கு வரும்போது சங்க அலுவலக மேசையில் வைப்போம், விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். தொட்டியிலும் வளரும், வெயிலும் வடிகாலும் வேண்டும், பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஒரு பொட்டலம் எங்களோடு பெங்களூருக்கு வருகிறது. மரப்பாச்சி இணையும் வருகிறது.

இந்நகரும் இதன் மக்களும் நலமே வாழ, எல்லாம் வல்ல இறைவன் அருள்க. நாங்கள் வருகிறோம்.